உறுதிக் காணியா, பெர்மிட் காணியா? கணினி விளையாட்டும் கள்ளக் கொப்பியும்

புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியில் கணினி திருத்தும் சிறிய கடைகள் ஆங்காங்கே உண்டு. அப்படி ஒரு கடையில் என் மடிக்கணினியைத் திருத்தக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தபோது, பாடசாலைச் சீருடையோடு ஒரு பையன் வந்தான். கையில் ஒரு ஹார்ட் டிஸ்க்.

“நானா, புதுசா என்ன கேம் வந்திருக்கு?”

கடைக்காரர் ஒரு பட்டியலைக் காட்டினார். பையன் மூன்றைத் தெரிவு செய்தான். அரை மணித்தியாலத்தில் கொப்பி முடிந்தது. கொடுத்த காசு ஒரு பகல் சாப்பாட்டுப் பார்சலின் விலைதான். அவன் போன பிறகு, “இது களவு இல்லையா?” என்று கேட்டேன்.

“களவுதான் தம்பி. ஆனா விக்கிறவன் எங்களுக்குக் கதவ மூடி வச்சிருந்தா என்ன செய்யச் சொல்றீங்க?” என்றார்.

இந்தப் பதிலில் இரண்டு விடயங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ஒன்று, கொப்பி எடுப்பது சரியா என்பது. மற்றது, விற்பவர் நேர்மையாக விற்கிறாரா என்பது. ஒன்றுக்கான பதில் மற்றதற்கும் பதிலாகிவிடாது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொப்பி எங்களுக்குப் பழகிய கதை

வடக்கு கிழக்கில் போர்க்காலத்தில் வளர்ந்தவர்களுக்கு ‘ஒரிஜினல்’ என்ற சொல்லே அந்நியமானது. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பற்றரி கிடைக்காமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறை அது. பாட்டு கைமாறி வந்த கசெட்டில் இருந்தது. படம் பலமுறை ஓடித் தேய்ந்த வீடியோ நாடாவில் இருந்தது. புத்தகம் போட்டோக் கொப்பியில் இருந்தது. எவரும் அதைக் களவென்று நினைக்கவில்லை, ஏனென்றால் வாங்குவதற்குக் கடையே இருக்கவில்லை.

அந்தப் பழக்கம் இடம்பெயர்ந்தவர்களோடு இந்தக் கரைக்கும் வந்தது. கசெட் இறுவட்டானது, இறுவட்டு பென் டிரைவானது, இப்போது ஹார்ட் டிஸ்க். போர் முடிந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ‘வேறு வழியில்லை’ என்ற பழைய நியாயத்தையே சொல்லிக்கொண்டிருக்கிறோம். அது சில இடங்களில் இன்றும் உண்மை. பல இடங்களில் வெறும் பழக்கம்.

காசு கொடுத்து வாங்குவது என்ன?

இலங்கையில் காணி பற்றித் தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். உறுதிக் காணி என்றால் அது உங்களுடையது. விற்கலாம், கொடுக்கலாம், பிள்ளைக்கு எழுதலாம். பெர்மிட் காணி என்றால் இருக்கலாம், பயிர் செய்யலாம், ஆனால் நிபந்தனைகள் உண்டு. நினைத்தபடி கைமாற்ற முடியாது. நிபந்தனையை மீறினால் பெர்மிட் இரத்தாகலாம்.

இணையக் கடைகளில் இன்று நாம் ‘வாங்கும்’ விளையாட்டுகளில் பெரும்பாலானவை பெர்மிட் காணிதான். நாம் பெறுவது பொருளையல்ல, அதைப் பயன்படுத்தும் உரிமத்தை. அந்த உரிமத்தைக் கண்காணிக்கும் பூட்டுக்குப் பெயர் டிஆர்எம், அதாவது டிஜிட்டல் உரிமை முகாமை. சில பூட்டுகள் ஒருமுறை மட்டும் இணையத்தில் சரிபார்க்கும். சில, எத்தனை கணினிகளில் நிறுவினீர்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கும். இன்னும் சில, நீங்கள் தனியாக விளையாடும்போதுகூட ஒவ்வொரு நொடியும் நிறுவனத்தின் சேர்வரோடு தொடர்பில் இருக்க வேண்டும் என்று கேட்கும்.

பெர்மிட் இரத்தானால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் யுபிசொஃப்ட் நிறுவனத்தின் ‘தி குரூ’ என்ற கார் ஓட்ட விளையாட்டு. 2014இல் வெளியானது. 2024 மார்ச் 31ஆம் திகதி அதன் சேர்வர்கள் மூடப்பட்டன. தனியாக விளையாடக்கூடிய பகுதிகளுக்கும் சேர்வர் கட்டாயம் என்பதால், காசு கொடுத்து வாங்கியவர்களின் கையில் எதுவுமே மிஞ்சவில்லை. இதையடுத்து ரோஸ் ஸ்கொட் என்பவர் ‘ஸ்டொப் கில்லிங் கேம்ஸ்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்திடம் அவ்வியக்கம் முன்வைத்த மனுவில் 2025 ஜூலைக்குள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல், உரிமத்தை மட்டும் விற்கும் இணையக் கடைகள் அதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது சட்டம்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இந்தக் கரைக்கு வந்த முஸ்லிம் மக்களில் பலர், உறுதியைக் கையில் வைத்துக்கொண்டே காணிக்குப் போக முடியாமல் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். ஒரு விளையாட்டை இழப்பதை அந்த இழப்போடு ஒப்பிட எனக்கு மனம் வராது. ஆனால் ‘உன்னுடையது’ என்று சொல்லி வாங்கவைத்துவிட்டுப் பிறகு கதவை மூடுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்று எங்கள் வாசகர்களுக்கு எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

பூட்டு யாரைத் தடுக்கிறது?

நிறுவனங்கள் சொல்லும் நியாயம் எளிது: கள்ளக் கொப்பியைத் தடுக்கவே பூட்டு. நடந்தது பல முறை நேர்மாறானது.

2008இல் வெளியான ‘ஸ்போர்’ விளையாட்டை மூன்று முறைதான் கணினியில் நிறுவி இயக்கலாம் என்று எலக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனம் கட்டுப்பாடு போட்டது. வாங்கியவர்கள் கொதித்தார்கள். அந்த ஆண்டு அதிகம் களவாகத் தரவிறக்கப்பட்ட விளையாட்டு என்று டொரண்ட்ஃப்ரீக் தளம் அதையே பட்டியலின் தலையில் வைத்தது. 2010இல் யுபிசொஃப்ட் தன் ‘அசாசின்ஸ் கிரீட் 2’ விளையாட்டுக்கு எப்போதும் இணையம் வேண்டும் என்றது. சேர்வர்கள் தாக்குதலுக்கு உள்ளானபோது விளையாட முடியாமல் நின்றவர்கள் காசு கொடுத்தவர்களே. 2013 மார்ச்சில் ‘சிம்சிட்டி’ வெளியானபோது கூட்டத்தைத் தாங்க முடியாமல் சேர்வர்கள் விழுந்தன. இணையம் இல்லாமல் விளையாடும் வசதி வர மேலும் ஓர் ஆண்டு ஆனது.

இதை எங்கள் கரைக்குக் கொண்டுவந்து பாருங்கள். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு இருந்தது. 900 மெகாவாட் கொள்ளளவுள்ள அனல்மின் நிலையம் நிற்கும் நுரைச்சோலைக்குப் பக்கத்து ஊர்களிலும் இருட்டுத்தான். அந்த நாட்களில் மடிக்கணினியின் பற்றரி இரண்டு மணித்தியாலம் தாங்கினாலும், ரௌட்டர் செத்துப்போன வீட்டில் ‘எப்போதும் இணையம்’ கேட்கும் விளையாட்டு திறக்காது. கள்ளக் கொப்பி திறக்கும்.

என் சொந்தக் கதையும் இதுதான். முதன்முதலாகக் கட்டுரை எழுதிக் கிடைத்த காசில் ஒரு விளையாட்டை ஒரிஜினலாக வாங்கினேன். பெருமையாக இருந்தது. கடலோர வீட்டின் உப்புக் காற்று ஒரு வருடத்தில் கணினியின் மதர்போர்டைத் தின்றுவிட்டது. புதியதைப் போட்டதும், ‘இது வேறு கணினி, அனுமதி முடிந்துவிட்டது’ என்று விளையாட்டு சொன்னது. நிறுவனத்துக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் வரவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பியின் கணினியில் அதே விளையாட்டின் கள்ளக் கொப்பி ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் அவனிடமே கேட்டு, பூட்டை உடைக்கும் கிராக்கைப் போட்டுக்கொண்டேன். என் பொருளுக்குள் நுழைய நான் பின்கதவால் போக வேண்டியிருந்தது.

விற்க மறுக்கப்பட்ட நாடு

விலை ஒரு தடை. 60 டொலர் விளையாட்டு 2022 தொடக்கத்தில் சுமார் 12,000 ரூபா. டொலர் 360 ரூபாவைத் தொட்ட அதே ஆண்டு மே மாதம் அது 21,600 ரூபா. விளையாட்டில் எதுவும் மாறவில்லை, எங்கள் காசுதான் தேய்ந்தது. ஸ்டீம் கடையில் இலங்கை உள்ளிட்ட தெற்காசிய நாடுகளுக்குக் குறைந்த டொலர் விலை வைக்கும் வசதி இருக்கிறது. எல்லா வெளியீட்டாளர்களும் அதைப் பயன்படுத்துவதில்லை.

காசிருந்தும் வாங்க முடியாத நிலையும் உண்டு. சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வேர்க் கணக்கைத் திறக்க அனுமதிக்கப்பட்ட நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. 2024 மே மாதம், ‘ஹெல்டைவர்ஸ் 2’ விளையாட்டைக் கணினியில் விளையாடுபவர்களுக்கும் இந்தக் கணக்கு கட்டாயம் என்று சோனி அறிவித்தது. உடனே 170க்கும் மேற்பட்ட நாடுகளிலும் பிரதேசங்களிலும் ஸ்டீம் கடையிலிருந்து அந்த விளையாட்டு மறைந்தது. உலகெங்கும் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட எதிர் விமர்சனங்கள் குவிந்தபின், சில நாட்களில் சோனி பின்வாங்கியது. அதே மாதம் வெளியான ‘கோஸ்ட் ஒஃப் சுஷிமா’ விளையாட்டில் தனியாக ஆடும் பகுதிக்கு அந்தக் கணக்குத் தேவையே இல்லை. ஆனாலும் கணக்கு வசதியில்லாத நாடுகளில் அது விற்பனைக்கு விடப்படவில்லை. 2025 ஜனவரியில்தான் சில விளையாட்டுகளுக்குக் கணக்கு கட்டாயமில்லை என்று அந்நிறுவனம் அறிவித்தது.

விற்க மறுத்த பொருளைக் கொப்பி எடுத்தவரிடம் ‘எங்கள் விற்பனையைத் திருடிவிட்டாய்’ என்று சொல்வது கடினம். திருடுவதற்கு அங்கே விற்பனையே இருக்கவில்லை. கடைக்காரர் சொன்ன மூடிய கதவு இதுதான். இந்த இடத்தில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

மறுபக்கத்தில் இருப்பவர்கள்

ஆனால் எல்லாக் கதவும் மூடியில்லை. 2023 ஜூலையில் ‘வெண்பா’ வெளியானது. 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. கிழிந்துபோன சமையல் குறிப்பைச் சரிப்படுத்தி இட்லியும் பிரியாணியும் சமைத்தபடி, தாய்க்கும் மகனுக்கும் இடையில் தமிழ் எப்படி நழுவிப்போகிறது என்று சொல்லும் விளையாட்டு. டொரொன்டோவின் விசை கேம்ஸ் என்ற சிறு குழு செய்தது. 2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதைப் பெற்றது. புலம்பெயர்ந்த பிள்ளைகளோடு தொலைபேசியில் அரைத் தமிழில் பேசும் எங்கள் வீட்டுக்காரர்கள் பார்க்க வேண்டிய படைப்பு அது. அதைக் கொப்பி எடுத்து விளையாடுபவர் எந்தப் பெரிய கம்பனியையும் பழிவாங்கவில்லை. எங்கள் மொழியில் அடுத்த விளையாட்டு வரக்கூடிய வாய்ப்பிலிருந்துதான் ஒரு பிடியை எடுக்கிறார்.

கொப்பியை விற்பவரும் இருக்கிறார். பாவம், சிறிய கடை, வயிற்றுப்பாடு என்று சொல்லலாம். ஆனாலும் செய்தவருக்கு ஒரு சதமும் போகாமல் காசு பார்ப்பது அவர்தான். பிள்ளைகளுக்குள் ஹார்ட் டிஸ்க் கைமாறுவதையும் இதையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

ஆபத்தும் உண்டு. 2021 ஜூனில் அவாஸ்ட் நிறுவனம் ‘கிராக்கொனொஷ்’ என்ற தீநிரலைப் பற்றி எச்சரித்தது. பிரபல விளையாட்டுகளின் உடைத்த பிரதிகளுக்குள் ஒளிந்து வந்து, வைரஸ் தடுப்பு மென்பொருளை முடக்கி, இரகசியமாகக் கிரிப்டோ நாணயம் தோண்டியது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் அது புகுந்திருந்தது. எங்கள் வீடுகளில் கணினி ஒன்றுதான். பிள்ளை விளையாடும் அதே கணினியில்தான் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசு வந்துவிட்டதா என்று தாய் வங்கிக் கணக்கைப் பார்க்கிறார்.

சட்டம் சொல்வது

இலங்கையில் இதற்குரியது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். பதிப்புரிமையை வேண்டுமென்றே மீறுபவருக்கு நீதவான் நீதிமன்றம் ஐந்து இலட்சம் ரூபா வரை தண்டமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விற்பனைக்காகக் கள்ளப் பிரதி வைத்திருப்பதும் குற்றம்.

அதே சட்டம் சட்டப்படி மென்பொருள் வைத்திருப்பவருக்கு ஒரு சலுகையும் தருகிறது. பிரதி தொலைந்தால் அல்லது பழுதானால் ஈடுசெய்ய ஒரு காப்புப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் பிரதி எடுப்பதைத் தடுக்கும் பூட்டைக் கழற்றும் சாதனங்களை விற்பனைக்காகவோ வாடகைக்காகவோ உற்பத்தி செய்வதும் இறக்குமதி செய்வதும் அதே சட்டத்தில் தடை. காப்புப் பிரதி எடுக்கலாம், அதற்கு வேண்டிய கருவியை எவரும் விற்க முடியாது. நேர்மையாக வாங்கியவர் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

எப்படி முடிவெடுப்பது?

கொப்பி எடுக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். இது இலங்கையில் விற்பனைக்கு இருக்கிறதா? நான் காசு கொடுக்காவிட்டால் யாருக்கு நட்டம், அந்தக் காசு இப்போது யார் கைக்குப் போகிறது? நான் ஏற்கெனவே வாங்கியதைத் திறக்கவா இதைச் செய்கிறேன், வாங்காமல் இருக்கவா? விற்க மறுத்ததை எடுப்பதும் வாங்கியதைத் திறப்பதும், வாங்கக்கூடியதை வாங்காமல் எடுப்பதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றாகத் தெரியலாம். மனச்சாட்சிக்கு அவை ஒன்றல்ல.

நடைமுறை வழிகளும் உண்டு. 2008இல் போலந்தின் சிடி புரொஜெக்ட் தொடங்கிய ஜிஓஜி கடையில் விளையாட்டுகள் பூட்டில்லாமலே விற்கப்படுகின்றன. ஒருமுறை தரவிறக்கி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துவிட்டால், எந்த மதர்போர்டு மாறினாலும் ஓடும். அதே குழுமத்தின் ‘தி விட்சர் 3’ 2015இல் வெளியான அன்றே அங்கே பூட்டில்லாமல் கிடைத்தது, ஆனாலும் உலகளவில் ஐந்து கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஸ்டீம் கடையில் வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். காசே இல்லாதவர்களுக்கு ‘வெஸ்நோத்’, ‘0 ஏ.டி.’, ‘சூப்பர் டக்ஸ் கார்ட்’ போன்ற திறந்த மூல விளையாட்டுகள் இருக்கின்றன. அவற்றைக் கொப்பி எடுத்துக் கொடுப்பது குற்றமில்லை, செய்தவர்களின் விருப்பமே அதுதான்.

திருத்திய மடிக்கணினியை எடுக்க மறுபடி போனபோது, இந்தக் கடைசி விடயத்தைக் கடைக்காரரிடம் சொன்னேன். “காசில்லாம கொடுக்கலாமா? சும்மாவா?” என்று சிரித்தார். பிறகு மூன்றின் பெயரையும் ஒரு பில் துண்டின் பின்பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அதை விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தார்.