பல் கிளினிக் நிர்வாகம்

பல் கிளினிக் நிர்வாகம் என்பது சிகிச்சை நாற்காலிக்கு வெளியே நடக்கும் வேலைகள் அனைத்தையும் குறிக்கும். முன்பதிவு, நோயாளிக் கோப்பு, கட்டணமும் கணக்கும், லேப் வேலை, பொருள் கொள்முதல், உரிமங்கள், கழிவு அகற்றல், ஊழியர் மேற்பார்வை எல்லாம் இதில் அடங்கும். பெரிய மருத்துவமனைகளில் இவற்றுக்குத் தனித்தனி ஆட்கள் உண்டு. தமிழ்நாட்டு ஊர்களில் காணும் ஒற்றை நாற்காலி கிளினிக்கிலோ மருத்துவரும் வரவேற்பு மேசையில் இருப்பவருமே எல்லாவற்றையும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இதை வெறும் எழுத்து வேலை என்று ஒதுக்குவது தவறு. பல் சிகிச்சைகளில் பல ஒரே நாளில் முடிவதில்லை. தொடங்கிய சிகிச்சை முடிகிறதா என்பதில் மருத்துவரின் கைத்திறனுக்கு உள்ள பங்கு மேசையின் ஒழுங்குக்கும் உண்டு.

முன்பதிவும் திரும்ப அழைத்தலும்

வேர் சிகிச்சையை எடுத்துக்கொள்ளலாம். முதல் அமர்விலேயே பல்லுக்குள் இருக்கும் அழுகிய கூழ் அகற்றப்பட்டு, வலி பெரும்பாலும் அடங்கிவிடும். வலி போனதும் நோயாளி வருவதை நிறுத்திவிடுவது எல்லாக் கிளினிக்குகளும் அறிந்ததுதான். தற்காலிக அடைப்பு நாளாக ஆகத் தேய்ந்து கசியும். கிருமி மீண்டும் உள்ளே போகும். வேரை அடைத்தபின் கேப் போடாமல் விட்டால் கடைவாய்ப்பல் பிளந்துபோகவும் கூடும். பிளவு வேர்வரை இறங்கிவிட்டால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. ஆகவே அன்றாட முன்பதிவு ஏட்டோடு, பாதியில் நிற்கும் சிகிச்சைகளுக்கென்று தனிப் பட்டியல் ஒன்றும் வேண்டும். யாருக்கு எந்தப் பல், எந்தக் கட்டம், அடுத்து எப்போது வர வேண்டும் என்பவை அதில் இருந்தால் போதும். வாரம் ஒருமுறை அதைப் பார்த்து வராதவர்களுக்குப் போன் செய்வது பல பற்களைக் காப்பாற்றும். நிர்வாகப் பணிகளில் இதைவிட மதிப்புள்ளது வேறில்லை. மிக எளிதில் கைவிடப்படுவதும் இதுவே.

ஒரு நாளில் எத்தனை பேருக்கு நேரம் கொடுக்கலாம் என்பதை மருத்துவரின் வேகம் மட்டும் முடிவு செய்வதில்லை. கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம், 134 டிகிரியில் 3 நிமிடம் என்பதெல்லாம் கிருமி நீக்கத்துக்கான நேரம் மட்டுமே. கழுவி, உறையிட்டு, சூடேற்றி, உலர்த்தி எடுக்கும் நேரமும் அதோடு சேரும். பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸ் நான்கு மட்டுமே உள்ள கிளினிக் மாலையில் எட்டுப் பேரை அடுத்தடுத்து வரச் சொன்னால், காத்திருப்பு நீளும், அல்லது சுத்திகரிப்பில் குறுக்குவழி நுழையும். இரண்டாவது மன்னிக்க முடியாதது. சர்க்கரை நோயாளிகளுக்குச் சாப்பிட்டு, மருந்தும் எடுத்த பிறகான காலை நேரமே ஏற்றது. பல் சீரமைப்பு நிபுணர், வாய் அறுவை நிபுணர் போன்ற கன்சல்டன்ட்கள் குறித்த நாளில் மட்டும் வந்துபோவதால், அந்த நாள்களைச் சுற்றியே மற்ற நேரங்கள் அமைகின்றன.

போனில் முன்பதிவு செய்யும்போதே பிரஷர், சர்க்கரை, கர்ப்பம், ரத்தம் உறையாமலிருக்க உட்கொள்ளும் மாத்திரை ஆகியவை பற்றிக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பல் பிடுங்குவதற்காக அந்த மாத்திரையை நிறுத்தலாமா என்று நோயாளி கேட்டால் வரவேற்பாளர் தாமாகப் பதில் சொல்லக் கூடாது. அது மருத்துவருக்குப் போக வேண்டிய கேள்வி.

லேப் வேலை

கேப், பிரிட்ஜ், பல் செட் ஆகியவற்றைப் பெரும்பாலும் வெளியிலுள்ள டென்டல் லேப்தான் செய்து தருகிறது. அளவு எடுத்த நாள், பல்லின் நிறக் குறியீடு, உலோக செராமிக்கா சிர்கோனியாவா என்ற விவரம், அனுப்பிய நாள், திரும்பி வந்த நாள் ஆகியவற்றை லேப் ஏட்டில் பதிய வேண்டும். பதியாத இடத்தில், நோயாளி வந்து உட்கார்ந்த பிறகுதான் கேப் வரவில்லை என்று தெரியும். ஆல்ஜினேட்டில் எடுத்த அளவு சீக்கிரம் சுருங்கிவிடும் என்பதால், லேப் ஆள் வரும்வரை காத்திராமல் அச்சை உடனே ஊற்றிவிடுவது நல்லது. சிர்கோனியா கேப்புடன் லேப் அனுப்பும் வாரன்டி அட்டை நோயாளிக்கு உரியது. அதை மேசை இழுப்பறையில் விட்டுவிடக் கூடாது.

கோப்பும் ஒப்புதலும்

பல் மருத்துவர்களுக்கான 2014-ஆம் ஆண்டு நெறிமுறைகள் சிகிச்சை ஆவணங்களைக் குறைந்தது 3 ஆண்டுகள் பாதுகாக்கச் சொல்கின்றன. கிளிப் சிகிச்சையே இரண்டு ஆண்டுகள் வரை நீளக்கூடியது. ஆகவே அதற்கு மேலும் வைத்திருப்பது விவேகம். கோப்பில் பல்லின் எண் பிழையில்லாமல் இருக்க வேண்டும். 36 என்பது கீழ்த்தாடையின் இடப்பக்க முதல் கடைவாய்ப்பல், 46 வலப்பக்கத்தது. ஓர் இலக்கம் மாறினால் நல்ல பல் போய்விடும்.

கட்டணம் பெற்று அளிக்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிகிச்சை, அதன் ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றை விளக்கிய பிறகே ஒப்புதல் பெற வேண்டும் என்பதை 2008-இல் சமீரா கோலி வழக்கு தெளிவாக்கியது. நோயாளிக்குப் படிக்கத் தெரியாத மொழியில் அச்சிட்ட படிவத்தில் கையெழுத்து வாங்குவது ஒப்புதல் ஆகாது. தமிழ்ப் படிவம் அவசியம்.

பணம்

இந்தியாவில் மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் விபத்து தவிர்த்த பல் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. செலவு நோயாளியின் கையிலிருந்தே வருகிறது. அதனால் சிகிச்சையைத் தொடங்கும் முன்பே எழுத்தில் மதிப்பீடு தருவதும், அட்வான்ஸ், தவணை இரண்டையும் ரசீதோடு வாங்குவதும் நாணயத்தின் பகுதி. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் கீழ் வந்த விதி 6எஃப், மருத்துவத் தொழிலருக்கு 3சி படிவத்தில் தினசரி நோயாளிப் பதிவேட்டை வகுத்தது: நாள், பெயர், செய்த சேவை, பெற்ற கட்டணம். நோய்க்கான சிகிச்சைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. அழகுக்காக மட்டும் செய்யும் பல் வெண்மையாக்கத்தை விலக்குக்குள் சேர்க்க முடியாது என்பதால் அந்த வரவைத் தனியே எழுதுவது நல்லது.

உரிமமும் கழிவும்

மருத்துவர் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றிருப்பதோடு, கிளினிக்கும் 1997-ஆம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு பெற வேண்டும். இதற்கான விதிகள் 2018-இல் வந்தன. எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இ-லோரா தளத்தில் பதிவு தேவை.

கழிவு பற்றிய கவனம் அன்றாடம் தேவைப்படுவது. 2016-ஆம் ஆண்டு உயிர்மருத்துவக் கழிவு விதிகளின்படி பிடுங்கிய பல்லும் ரத்தம் தோய்ந்த பஞ்சும் மஞ்சள் பையில், கையுறை சிவப்பில், ஊசி துளைபடாத வெள்ளைக் கலனில், மருந்துக் கண்ணாடிக் குப்பி நீலத்தில் சேர வேண்டும். பாதரசக் கலவை அடைத்த பல் மட்டும் மஞ்சள் பைக்குள் போகக் கூடாது. எரிஉலையில் அது பாதரச ஆவியாகி ஊரார் மூச்சில் கலக்கும். சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க விதி இடம் தருவதில்லை. ஆண்டறிக்கையை ஜூன் 30-க்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். இந்தப் பைகளைக் கட்டும் பெண்ணுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டாயிற்றா என்று பார்ப்பது முதலாளியின் கடமை. விதியும் அதைச் சொல்கிறது. நாளெல்லாம் மேசையருகே நிற்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் திருத்தம் வந்தது.

கிளினிக்கை மூடும்போதும் இடம் மாற்றும்போதும் நிர்வாக வேலை கூடுகிறது. கிளிப் போட்டுப் பாதியில் இருப்பவர்களை வேறொரு நிபுணரிடம் ஒப்படைத்து, கட்டிய தவணையையும் மீதிச் சிகிச்சையையும் கணக்குப் பார்த்து, மாதிரி அச்சு, எக்ஸ்ரே, கோப்பின் நகல் ஆகியவற்றைக் கையில் கொடுக்க வேண்டும். எக்ஸ்ரே கருவியை விற்பதையோ கைவிடுவதையோ இ-லோரா வழியே வாரியத்துக்குத் தெரிவித்த பிறகே செய்ய வேண்டும்.