கப்பலில் பிறந்த கணக்கு



நம் பாட்டன்மார் பலர் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள். 1930-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் தேறிய பத்தொன்பது வயதுத் தமிழர் சந்திரசேகர், இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். வழியில் ஒரு கணக்குப் போட்டார். எரிந்து சுருங்கிய வெண்குறு விண்மீன், ஓர் எல்லைக்கு மேல் எடை தாங்காது என்று கண்டார். அந்த எல்லை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு என்று பின்னர்த் தெளிவாயிற்று. 1935-இல் இலண்டனில் பேரறிஞர் எடிங்டன் அதை எள்ளி நகையாடினார். ஆயினும் கணக்கு நிலைத்தது. 1983-இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசும் கிட்டியது.

அந்த எல்லையை நெருங்கும் வெண்குறு விண்மீன்கள் சில வெடிக்கின்றன. அவ்வெடிப்புகளின் உண்மை ஒளி ஏறக்குறைய ஒரே அளவு. ஒரே அளவான விளக்குகளில் மங்கலாகத் தெரிவது தூரத்தில் உள்ளது அல்லவா? அவ்வாறே இவற்றைக் கொண்டு தூரத்தை அளக்கலாம். 1998-இல் இரு குழுவினர் அளந்தபோது, அவை எதிர்பார்த்ததைவிட மங்கலாயிருந்தன. பேரண்டம் விரியும் வேகம் கூடுகிறது என்பது புலப்பட்டது. அதற்குக் காரணமானதை ‘இருண்ட ஆற்றல்’ என்கின்றனர்.

பேரண்டத்தில் அது சுமார் 68 விழுக்காடு. ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டுமே புலப்படும் இருண்ட பொருள் 27. நாம் அறிந்த பொருள் வெறும் 5. முதலிரண்டும் இன்னவை என்று எவரும் இன்னும் கண்டறியவில்லை.

கெலுகோரில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் வாசல் நம் பிள்ளைகளுக்கும் உரியதே. கணக்கை அவர்கள் அஞ்சாமல் கற்கட்டும்.