ஈடிபஸின் அச்சம்: ஒரு சொல்லின் வரலாறும் ஒரு நாடகத்தின் இயக்கமும்

துன்பியல் நாடகத்தைப் பற்றிய ஆய்வுகளில் அச்சமும் இரக்கமும் இணைத்தே பேசப்படுகின்றன. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் தம் 'கவிதையியல்' 6ஆம் இயலில் தந்த வரையறையே இதற்குக் காரணம். அவ்வரையறை காண்போர் உள்ளத்தில் எழும் அச்சத்தைக் குறிப்பதாகவே பெரிதும் விளக்கப்பட்டு வந்துள்ளது. நாடகத் தலைவனின் அச்சம் அந்த அளவிற்குக் கருதப்படவில்லை. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் சோபோக்ளிஸ் இயற்றிய 'ஈடிபஸ் அரசன்' நாடகத்தில் தலைவனை உருவாக்குவது அச்சமே. அதனை உணர்த்தும் கிரேக்கச் சொல்லின் வரலாறு மொழிபெயர்ப்பாளருக்கு எவ்வகையில் பயன்படும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. ஓட்டத்திலிருந்து உணர்வுக்கு

அரிஸ்டாட்டில் ஆளும் சொல் 'ஃபோபோஸ்' என்பது. ஹோமரின் காப்பியங்களில் இச்சொல் பெரும்பாலும் போர்க்களத்தில் படை நிலைகுலைந்து ஓடுதலையே குறிக்கிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஹோமரை ஆய்ந்து பதிப்பித்த அரிஸ்தார்க்கஸ் இப்பொருள் வேறுபாட்டைச் சுட்டியுள்ளார். ஓடுதல் என்னும் பொருளுடைய 'ஃபெபொமாய்' என்ற வினையோடு இப்பெயர் தொடர்புடையது. ஓடுதலைக் குறிக்கும் லித்துவேனிய, உருசிய வினைகளையும் இதே வேரினவாகக் கொள்வர். வடமொழிப் 'பயம்' ஒலியால் நெருங்கி நிற்பினும் 'பீ' என்னும் வேறொரு வேரிலிருந்து பிறந்ததாகும். சோபோக்ளிஸின் காலத்தில் 'ஃபோபோஸ்' உள்ளத்துணர்வைக் குறிக்கும் பொதுச்சொல்லாகிவிட்டது.

அச்சத்திற்கும் அகலுதலுக்கும் உள்ள உறவு சொற்பிறப்பில் மட்டுமன்றி இலக்கணத்திலும் காணப்படுகிறது. ஒன்று அகலும்போது நிலையாக நிற்பதை 'அபாதானம்' என வரையறுத்த பாணினி, அடுத்த நூற்பாவிலேயே அச்சத்திற்குக் காரணமாவதையும் அதனுள் அடக்குகிறார். தொல்காப்பியர் அச்சச் சொல்லுக்கு ஐந்தாம் வேற்றுமையும் இரண்டாம் வேற்றுமையும் பொருள் வேறுபாடின்றி வரும் என்கிறார். 'பழியின் அஞ்சினான்', 'பழியை அஞ்சினான்' என இரண்டும் அமையும். முன்னதை ஏதுப்பொருளாகவும் கொள்ளலாம், நீங்கற்பொருளாகவும் கொள்ளலாம். அஞ்சுபவன் அஞ்சப்படுவதிலிருந்து விலகுகிறான் என்னும் கருத்திற்கு இலக்கணமே இடந்தருகிறது.

2. அஞ்சி அகன்றவன்

ஈடிபஸின் வாழ்க்கை இவ்விலகலால் ஆனது. அவன் பிறப்பதற்கு முன்பே அச்சம் தொடங்கிவிடுகிறது. மகனால் மடிவாய் என்ற தெய்வ வாக்கிற்கு அஞ்சிய லாயஸ், பிறந்து மூன்று நாளும் நிறையாத குழந்தையின் கணுக்கால்களைப் பிணித்து மலையில் எறியச் செய்கிறான். குழந்தையைப் பெற்றுக்கொண்ட இடையன் இரக்கத்தால் அதனைக் கொரிந்து நாட்டவன் ஒருவனிடம் ஒப்படைக்கிறான். அரிஸ்டாட்டில் காண்போர்க்கு உரியனவாகக் கூறிய அச்சமும் இரக்கமும் கதைக்குள்ளேயே வினைகளாக இயங்குவதை இங்குக் காணலாம். அச்சம் குழந்தையைக் கைவிட்டது. இரக்கம் அதனைக் காத்தது. இரண்டும் சேர்ந்தே கேட்டினை விளைவித்தன.

வளர்ந்த ஈடிபஸ், தந்தையைக் கொன்று தாயை மணப்பான் என்று டெல்ஃபியில் கேட்கிறான். பாலிபஸையும் மெரோப்பியையும் பெற்றோர் என நம்பியதால் கொரிந்துக்குத் திரும்பாது விலகிச் செல்கிறான். அவ்வழியில்தான் மூன்று பாதைகள் கூடுமிடத்தில் லாயஸைக் கொல்கிறான். அஞ்சியதிலிருந்து விலகிய ஒவ்வோர் அடியும் அஞ்சியதை நோக்கிய அடியாகவே முடிகிறது.

தீபஸின் அரசனான பின்னரும் அச்சம் அவனை விடவில்லை. மீகாமன் கலங்குவதைக் கண்ட கலத்தினரைப் போல நாங்களும் அஞ்சுகிறோம் என்னும் கருத்தை அரசி யொகாஸ்தா வெளியிடுகிறாள். தலைவனின் அச்சம் மேடையிலுள்ள மற்றவரைப் பற்றுவதை இவ்வுவமை காட்டுகிறது. அதுவே காண்போரையும் பற்றுகிறது எனலாம்.

3. அச்சம் நீக்க வந்த தூதன்

பாலிபஸ் இறந்தான் என்ற செய்தியுடன் கொரிந்திலிருந்து தூதன் வருகிறான். தந்தையைப் பற்றிய அச்சம் நீங்கினாலும் தாயைப் பற்றிய அச்சம் எஞ்சுகிறது. அதனையும் போக்க எண்ணிய தூதன், ஈடிபஸ் அவர்களுடைய மகன் அல்லன் என்ற உண்மையை வெளியிடுகிறான். கதைத் திருப்பத்திற்கு அரிஸ்டாட்டில் 11ஆம் இயலில் காட்டும் எடுத்துக்காட்டு இதுவே. தாயைப் பற்றிய அச்சத்தை நீக்க வந்தவன் அதற்கு மாறானதை விளைவித்தான் என்னுமிடத்தில் அவர் ஆள்வதும் அதே 'ஃபோபோஸ்' என்ற சொல்தான்.

மொழிபெயர்ப்புகளில் இவ்வொருமை எளிதில் மறைந்துவிடுகிறது. 1895இல் வெளிவந்த புட்சரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 6ஆம் இயலில் அச்சம் என்னும் பொதுச்சொல்லையும், 11ஆம் இயலில் கலக்கங்கள் எனப் பொருள்படும் வேறொரு சொல்லையும் வழங்குகிறது. ஜெர்மனியில் லெஸ்ஸிங் 1767-69இல் எழுதிய நாடகவியல் கட்டுரைகளில், திடுக்கிடலைக் குறிக்கும் சொல்லை விடுத்து அச்சத்தைக் குறிக்கும் சொல்லே பொருந்தும் என வாதிட்டார். 1955இல் ஷாதேவால்ட் உடலை நடுங்கச்செய்யும் உணர்வைக் குறிக்கும் சொல்லே ஏற்றது என்றார். இவ்விவாதங்கள் காண்போரின் உணர்வையே மையமாகக் கொண்டவை.

4. தமிழாக்கம்

தமிழில் அச்சம், பயம், திகில், நடுக்கம், கலக்கம் எனப் பல சொற்கள் உள. ஒரே சொல் திரும்ப வருவதைத் தவிர்க்க இவற்றை மாற்றி மாற்றி வழங்கினால், தலைவனின் அச்சமும் காண்போரின் அச்சமும் ஒன்றே என்னும் நுட்பம் அழிந்துவிடும். ஆதலின் 'ஃபோபோஸ்' வருமிடமெல்லாம் 'அச்சம்' என்றே ஆள்வது தக்கது. நாடகத்தில் வரும் பிற அச்சச் சொற்களுக்கு ஏனைய சொற்களை ஒதுக்கிக்கொள்ளலாம். 'அஞ்சி அகன்றான்' என்பது போன்ற வினையெச்சத் தொடர்கள் உணர்வையும் செயலையும் ஒருங்கே உணர்த்த வல்லன.

இறுதியில் இடையன், தான் சொல்ல நேர்வது அஞ்சத்தக்கது எனத் தயங்குகிறான். தான் கேட்க நேர்வதும் அத்தகையதே, ஆயினும் கேட்டேயாக வேண்டும் என்கிறான் ஈடிபஸ். இடையன் கூறும் 'தெய்னோன்' என்ற சொல்லும் அச்சத்தைக் குறிக்கும் மற்றொரு கிரேக்க வேரிலிருந்து பிறந்ததே. வாழ்நாளெல்லாம் விலகி ஓடியவன் முதன்முறையாக விலகாது நிற்குமிடம் இது. அச்சம் அவனை விட்டு நீங்கவில்லை. ஆயினும் அவன் ஓடவில்லை. 'ஃபோபோஸ்' என்ற சொல்லின் பழம்பொருளை அறிந்த மொழிபெயர்ப்பாளர்க்கு இவ்விடத்தின் கனம் எளிதில் புலப்படும்.