எங்க தெருவும் பட்ஜெட் கணக்கும்

எங்க தெருவுல நடந்து வந்தா, எந்த வீடு எந்த வருஷத்து பட்ஜெட்டுல வந்ததுன்னு சுவரைப் பாத்தே சொல்லிடலாம்.

முதல்ல இருக்கிற தொகுப்பு வீடுகள் இந்திரா நினைவு குடியிருப்புத் திட்டத்தில் கட்டியவை. 1985-86ல் மத்திய அரசு ஆரம்பித்த திட்டம். தொடக்கத்தில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகளுக்கு மட்டும்தான். 1993-94க்குப் பிறகு மற்ற ஏழைகளுக்கும் வந்தது. சமவெளிப் பகுதியில் ஒரு வீட்டுக்கு 2004ல் 25,000 ரூபாய். 2008ல் 35,000 ஆச்சு.

அந்த 35,000த்துல கட்டினதுதான் எங்க வீடு. பணம் மொத்தமா கைக்கு வராது. வேலை ஏற ஏறத்தான் தவணை. ஆக, அஸ்திவாரம் போடுறது நம்ம காசு. அம்மா கறவை மாட்டை வித்தாங்க. அப்படியும் பத்தல, மேல் தளத்துக்கு வட்டிக்கு வாங்கினோம்.

2010ல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வந்தது. 21 லட்சம் குடிசைகளை ஆறு வருஷத்தில் கான்கிரீட் வீடாக்கணும்னு திட்டம். முதல் வருஷத்துக்கு 3 லட்சம் வீடு, வீட்டுக்கு 75,000 ரூபாய். பெருக்கிப் பாத்தா 2,250 கோடி. அடுத்த வருஷமே ஆட்சி மாறி, பசுமை வீடு வந்தது. 300 சதுர அடி, சூரிய ஒளி விளக்கோட 1.80 லட்சம். ஆனா வருஷத்துக்கு 60,000 வீடுதான், 1,080 கோடி. 2024-25ல் கலைஞரின் கனவு இல்லம்: வீட்டுக்கு 3.50 லட்சம், அந்த வருஷத்துக்கு 1 லட்சம் வீடு, 3,500 கோடி.

இந்தக் கணக்கைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. கொஞ்சம் கொஞ்சமா நிறைய பேருக்குக் கொடுத்தா, எங்க அம்மா மாதிரி மாட்டை விக்கணும். ஓரளவு போதுமான தொகையாக் கொடுத்தா, வரிசை நீளும். எதிர் வீட்டுப் பெரியம்மா அந்த வரிசையிலதான் நின்னாங்க. மழைக்கு முன்னாடி கீத்து மாத்துற செலவை ஒவ்வொரு வருஷமும் அவங்களே போட்டாங்க. அந்தச் செலவு எந்த பட்ஜெட்டுலயும் ஏறல.

எது சரின்னு என்னைக் கேட்டா, அரிசி விலை மாதிரி சிமெண்ட், கம்பி, கொத்தனார் கூலியையும் வருஷா வருஷம் பாத்துத் தொகையை ஏத்தணும்; அதுக்காக வீட்டு எண்ணிக்கையைக் குறைக்கக் கூடாது. ரெண்டும் சேந்தாத்தான் குடிசை போகும்.

எங்க வீட்டுக் கடன் அடைஞ்சுது. தொழுவத்துல மறுபடி மாடு கட்ட ஏழு வருஷம் ஆச்சு.