செஞ்சி: எட்டு வருஷமும் ஓர் இரவும்



2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் 12ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். அதிலிருந்து உங்களில் பலர் அங்கே போய்ப் படம் போடுகிறீர்கள். படத்துக்குக் கீழே தேசிங்கு ராஜா கதை தவறாமல் வந்துவிடுகிறது. 1714இல் ஆற்காட்டு நவாபின் பெரும்படையை எதிர்த்து 22 வயதில் களத்தில் விழுந்த அந்தப் பிள்ளையை நாடு மறக்காதது நல்லதுதான். ஆனால் திருச்சி, ஸ்ரீரங்கத்துக்காரர்களான நமக்கு அந்த மலையோடு வேறு சொந்தமும் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

போகாதவர்களுக்காக முதலில் இடத்தைச் சொல்கிறேன். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். மூன்றையும் இணைத்துச் சுமார் 13 கிலோமீட்டர் மதில். ராஜகிரியின் உயரம் ஏறக்குறைய 800 அடி. ஏற்றம் மிதமானதுதான். முட்புதர்க் காட்டுக்கும் உருண்டைப் பாறைகளுக்கும் நடுவே கல் படிகள், வாசலுக்கு மேல் வாசல். என் முழங்கால் நடுநடுவே உட்காரச் சொன்னது. உட்கார்ந்த இடமெல்லாம் காட்சிதான். உச்சிக்குச் சற்று முன்னால் மலையே பிளந்து ஒரு பள்ளம். அதன்மேல் சிறிய பாலம். அந்தக் காலத்தில் அதை எடுத்துவிட்டால் மேலே ஒருவரும் வர முடியாது. உச்சியில் நின்றால் பள்ளத்தாக்கும் வயலும் ஏரியும் விரிந்து கிடக்கின்றன; நெற்களஞ்சியமும் கல்யாண மகாலும் தீப்பெட்டி அளவில் தெரிகின்றன.

வகுப்பில் கேட்பதுபோல ஒரு கேள்வி கேட்கிறேன். சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கே தஞ்சம் புகுந்தபோது, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690இல் முற்றுகையிட்டார். கோட்டை விழுந்தது 1698இல். ஏறக்குறைய எட்டு வருஷம்! அதே கோட்டையை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்தார். அதே மலை, அதே மதில், அதே சுனைகள். எட்டு வருஷம் எங்கே போயிற்று?

பீரங்கி என்று பதில் சொல்வீர்கள். முகலாயரிடமும் பீரங்கி இருந்தது. வித்தியாசம் மதிலுக்கு வெளியே இருந்தது. முதல் முற்றுகையின்போது சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்ற மராட்டியத் தளபதிகள் வெளியிலிருந்து முகலாயரின் உணவு வழிகளை அறுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு கட்டத்தில் முற்றுகையிட்டவர்களே பட்டினி கிடந்து, 1693 தொடக்கத்தில் வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள். 1750இல் உள்ளே இருந்ததோ, வேறோர் இடத்தில் தோற்று ஓடிவந்த முகமது அலியின் படை. கைகொடுக்க வெளியே யாரும் இல்லை.

அந்த முகமது அலி அடுத்துத் தஞ்சம் புகுந்தது நம் திருச்சிக் கோட்டையில். 1751இல் சந்தா சாகிப் பிரெஞ்சுக்காரர்களோடு வந்து திருச்சியை முற்றுகையிட்டார். மறு வருஷம் காற்று திசை மாறியது. முற்றுகையிட்டவர்கள் காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் தீவுக்குள் ஒதுங்கினார்கள். ஸ்ரீரங்கத்தையும் திருவானைக்காவையும்விடப் பெரிய மதில் வேறெங்கே? இருபுறமும் ஆறு வேறு. ஆனால் கிளைவ் கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் போய் உட்கார்ந்து புதுச்சேரி வழியை அடைத்தார். சோறு நின்றது. 1752 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லா சரணடைந்தார். சந்தா சாகிப் தலையை இழந்தார்.

இனி பழைய கணக்கு. 1323இல் உலூக் கான் படை ஸ்ரீரங்கத்துக்கு வந்தபோதும் கோயிலுக்கு மதில் இருந்தது. நம்பெருமாளைக் காத்தது மதில் அல்ல. முதுமையிலும் பிள்ளை லோகாசாரியரும் அவரோடு போனவர்களும் பெருமாளை எழுந்தருளச் செய்துகொண்டு ஊரைவிட்டு வெளியேறினார்கள். ஆசாரியர் மதுரைப் பக்கம் வழியிலேயே பரமபதித்தார். மற்றவர்கள் நிற்கவில்லை. காடும் மலையும் கடந்து, மலையாள தேசம், மைசூர்ச் சீமை என்று போய், கடைசியில் திருமலை. அங்கிருந்து பெருமாளை அழைத்துவந்தவர் விஜயநகரத்தின் சார்பில் செஞ்சியை ஆண்ட கோபணார்யர். செஞ்சியில் சில காலம் வைத்துப் பூஜித்து, 1371இல் ஸ்ரீரங்கத்தில் மறுபடி எழுந்தருளச் செய்தார். இதைச் சொல்லும் சக ஆண்டு 1293 கல்வெட்டு நம் கோயிலிலேயே இருக்கிறது. 48 வருஷம்! புறப்பட்டபோது வாலிபராக இருந்தவர் திரும்பும்போது கிழவர்.

மதிலைக் கட்டுவது ராஜாக்களின் வேலை. அதற்கு உயிர் கொடுப்பவர்கள் வெளியே இருக்கிற மனிதர்கள்: நெல் கொண்டுவருபவர், சேதி சொல்பவர், சுமந்து ஓடுபவர். அவர்களில் பெரும்பாலோர் பெயர் கல்வெட்டில் இல்லை.

அடுத்த முறை செஞ்சிக்குப் போனால் காலையிலேயே ராஜகிரி ஏறிவிடுங்கள். தண்ணீரை மறக்காதீர்கள், குரங்கு கண்ணில் படும்படி தின்பண்டம் எடுத்துப் போகாதீர்கள். உச்சியிலும் ஒரு ரங்கநாதர் கோயில் இருக்கிறது. இறங்கிய பிறகு பக்கத்தில் உள்ள சிங்கவரத்துக்கும் போய்வாருங்கள். பல்லவர் காலத்துக் குடைவரையில் அரங்கன் பள்ளிகொண்டிருக்கிறார். நம்பெருமாள் தங்கியது அங்கேதான் என்பது மரபு. பிள்ளைகளையும் கூட்டிப்போய், எட்டு வருஷம் ஏன் ஓர் இரவாயிற்று என்று கேளுங்கள். பதிலை அவர்களே சொல்லட்டும்.