கோபிநத்தம் கணக்கு

போன வாரம் நண்பர் வீட்டில் விருந்து. பாயசம் வருவதற்குள் பேச்சு வீரப்பனிடம் போய்விட்டது. வெளிநாட்டில் நாலு தமிழ்க் குடும்பம் கூடினால் இது வந்தே தீரும்! ஒருவர் "184 பேரைக் கொன்றவன்" என்றார். இன்னொருவர் "அதிரடிப்படை கொன்றதை யார் எண்ணினது?" என்று எகிறினார். பாயசம் ஆறிப்போனதுதான் மிச்சம்.

நான் வங்கிக்காரன். மொத்தத் தொகையை மட்டும் காட்டினால் நம்பமாட்டேன், உள்ளே என்னென்ன பதிவு என்று கேட்பேன்.

2004 அக்டோபர் 18 அன்று வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டபோது வந்த செய்திகளிலேயே இந்த எண் ஒன்றுபோல இல்லை. சிலர் 120 சொச்சம் என்றார்கள், சிலர் 184 என்றார்கள். பாதிப்பேர் போலீசும் வனத்துறையும் என்று ஒரு வரி கூடவே வரும். மீதிப் பாதி யார்? அதற்கு வரியே கிடையாது.

பாலாறு குண்டுவெடிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 1993 ஏப்ரல் 9. கண்ணிவெடியில் 22 பேர் செத்தார்கள். "22 போலீசார்" என்று எத்தனையோ இடத்தில் படித்திருப்பீர்கள். வண்டியில் போனவர்களில் போலீசாரோடு வனக் காவலர்களும், தகவல் சொல்லக் கூட்டிப்போன ஊர்க்காரர்களும் உண்டு. போலீஸ் என்று எழுதிய உடனே அந்த ஊர்க்காரர் காணாமல் போய்விடுகிறார். சாவு எண்ணிக்கையில் இருக்கிறார், ஆளாக இல்லை. அவர் வீட்டில் யார் போய்க் கேட்டிருப்பார்கள்?

மறுபக்கமும் இதே கதைதான். கோபிநத்தத்தையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த தமிழ் பேசும் ஜனங்கள் பலரைத் தடா சட்டத்தில் பிடித்தார்கள். பிடித்த அன்று "கும்பலைச் சேர்ந்தவர்கள் கைது" என்று வெற்றிக் கணக்கில் ஏறிவிட்டது. ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தபின், 2001இல் மைசூர் நீதிமன்றம் பெரும்பாலானவர்களை விடுதலை செய்தது. எங்கள் வங்கியில் தப்பாக வரவு வைத்தால் அதைத் திருப்பி எழுதியே ஆகவேண்டும். இங்கே பழைய எண்ணை யாரும் திருத்தினதாகத் தெரியவில்லை.

அதிரடிப்படை அத்துமீறல்களை விசாரிக்க தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா குழுவை அமைத்தது. அதன் அறிக்கைக்குப் பிறகு 2007இல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு என்று முடிவானது. வகுத்தால் தலைக்கு மூன்று லட்சம் சொச்சம். நண்பர் இதையும் சொன்னார், "அதான் மூணு லட்சம் வாங்கிட்டாங்களே" என்று. அப்படி எல்லோருக்கும் சமமாகக் கொடுக்கவில்லை, பாதிப்புக்கு ஏற்பக் கொடுத்தார்கள். அதைவிட முக்கியம், 89 என்பது நிரூபிக்க முடிந்தவர்களின் எண். புகார் சொல்ல வந்தவர்களே அதைவிட அதிகம். பயந்து வராதவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. இதை வைத்து "பாதிக்கப்பட்டது 89 பேர்தான்" என்று வாதாடுவது, கடன் கிடைத்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு ஊரில் மற்ற யாருக்கும் பணத்தேவை இல்லை என்பது மாதிரி.

அதற்காக வீரப்பன் செய்தது சிறிதாகிவிடாது. வன அதிகாரி பி. சீனிவாஸ், சரணடைகிறேன் என்ற பேச்சை நம்பி ஆயுதமில்லாமல் போனவர். 1991 நவம்பர் 10 அன்று கொல்லப்பட்டார். மறு வருஷம் கீர்த்தி சக்ரா கொடுத்தார்கள். 184இல் அவரும் ஒன்று.

கோபிநத்தத்தில் அவர் ஊர்க்காரர்களுக்குக் கட்டிக்கொடுத்த மாரியம்மன் கோயில் இருக்கிறது. வீரப்பன் பிறந்ததும் அதே ஊர்தான். கோயிலில் அம்மனோடு அவர் படத்தையும் வைத்து ஜனங்கள் கும்பிடுகிறார்கள்.