ஃபிரிட்ஜ் கதவுக்கு ஒரு சட்டம்

ஃபிரிட்ஜ் கதவை லேசாக இழுத்தால் திறந்துகொள்ளும். தள்ளினால் 'டப்' என்று ஒட்டிக்கொள்ளும். தாழ்ப்பாளும் இல்லை, கொக்கியும் இல்லை. கதவின் ஓரத்தில் ஓடும் ரப்பர் பட்டைக்குள் ஒரு காந்தப்பட்டை இருக்கிறது, அவ்வளவுதான். இது ஏதோ வசதிக்காகச் செய்த ஏற்பாடு என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் இதற்குப் பின்னால் பல குழந்தைகளின் மரணமும், அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டமும் இருக்கின்றன.

தாழ்ப்பாள் போட்ட பெட்டி

1950கள் வரை அமெரிக்க வீடுகளில் இருந்த ஃபிரிட்ஜ்களின் கதவில் உலோகத் தாழ்ப்பாள் இருந்தது. குளிர் வெளியேறாமல் இருக்க வேண்டுமானால் கதவு ரப்பரை நன்றாக அழுத்திக்கொண்டு மூட வேண்டும். அந்த அழுத்தத்தைத் தாழ்ப்பாள் கொடுத்தது. மூடியதும் அது தானாக மாட்டிக்கொள்ளும். திறக்க வேண்டுமானால் வெளியே இருக்கும் கைப்பிடியை இழுக்க வேண்டும். உள்பக்கம் கைப்பிடி எதுவும் கிடையாது. உள்ளே ஒரு ஆள் இருக்கக்கூடும் என்று யாரும் யோசிக்கவில்லை!

சமையலறையில் ஓடிக்கொண்டிருக்கும்வரை பெரிய ஆபத்து இல்லை. தட்டுகளும் உணவுப் பொருட்களும் நிறைந்திருக்கும் பெட்டிக்குள் குழந்தை நுழைய இடமில்லை. அது பழையதான பிறகுதான் ஆபத்து தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்கக் குடும்பங்கள் புதிய ஃபிரிட்ஜ்களை வாங்கிக் குவித்தன. பழையவை கொல்லைப்புறத்துக்கும், கார் கொட்டகைக்கும், குப்பை மேட்டுக்கும் போயின. தட்டுகள் கழற்றப்பட்ட காலிப் பெட்டி, கண்ணாமூச்சி விளையாடும் குழந்தைகளுக்கு நல்ல ஒளியிடமாகத் தெரிந்தது. உள்ளே போனதும் கதவு மூடிக்கொண்டது.

குளிரை உள்ளே வைத்திருந்த அதே ரப்பர், காற்றை உள்ளே விடவில்லை. வெப்பத்தைத் தடுத்த தடித்த சுவர், குழந்தையின் குரலையும் தடுத்தது.

மனிதரைத் திருத்துவதா, பெட்டியைத் திருத்துவதா?

முதலில் சில மாநிலங்களும் ஊர்களும், ஃபிரிட்ஜைக் கதவோடு வெளியே போடுவதைக் குற்றமாக்கின. கலிபோர்னியாவின் குற்றவியல் சட்டத்தில் இப்படி ஒரு பிரிவு இன்றும் இருக்கிறது. ஆனால் இத்தகைய சட்டம், லட்சக்கணக்கான வீட்டுக்காரர்களும் மறக்காமல் கதவைக் கழற்றுவார்கள் என்ற நம்பிக்கையில் நிற்பது. ஒரே ஒருவர் மறந்தாலும் போதும்.

எனவே பெட்டியைச் செய்பவரிடமே பொறுப்பை வைக்க அமெரிக்க நாடாளுமன்றம் முடிவு செய்தது. 1956 ஆகஸ்ட் 2 அன்று ஜனாதிபதி ஐசனோவர் 'குளிர்சாதனப் பெட்டிப் பாதுகாப்புச் சட்ட'த்தில் கையெழுத்திட்டார். மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தில் செல்லும் எந்த வீட்டு ஃபிரிட்ஜின் கதவும் உள்ளிருந்து எளிதில் திறக்கும்படி இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். மாநில எல்லையைத் தாண்டும் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அந்நாட்டு மத்திய அரசுக்கு உண்டு. நாடு முழுவதும் விற்க விரும்பும் எந்தத் தொழிற்சாலையும் இதிலிருந்து தப்ப முடியாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 டாலர் வரை அபராதம், அல்லது இரண்டும்!

201 குழந்தைகள்

உள்ளிருந்து திறப்பது என்றால் எப்படி? ஒரு குமிழைத் திருக வேண்டுமா, தள்ள வேண்டுமா? மாட்டிக்கொண்ட குழந்தை என்ன செய்யும் என்று தெரியாமல் விதி எழுத முடியாது. இதற்காக ஒரு ஆய்வு நடந்தது. அதன் முடிவுகள் 1958-ல் 'பீடியாட்ரிக்ஸ்' என்ற மருத்துவ இதழில் வெளியாயின. 2 முதல் 5 வயதுக்குட்பட்ட 201 குழந்தைகள் ஃபிரிட்ஜ் போன்ற ஒரு மாதிரி அடைப்புக்குள் விடப்பட்டுக் கவனிக்கப்பட்டனர். 39 சதவீதம் பேர் வெளியேற யோசித்து முயன்றனர். 37 சதவீதம் பேர் ஆவேசமாகப் போராடினர். மீதி 24 சதவீதம் பேர் அநேகமாக எதுவுமே செய்யவில்லை. சத்தம் போடாத குழந்தைகளும் இருந்தனர். "மாட்டிக்கொண்டால் கத்துவான், கேட்காமலா போகும்" என்று எந்தப் பெற்றோரும் இருந்துவிட முடியாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

சட்டத்தின்கீழ் வந்த விதி, உள்ளிருந்து 15 பவுண்டு, அதாவது சுமார் 7 கிலோ விசையில் தள்ளினால் கதவு திறக்க வேண்டும் என்றது. 1958 அக்டோபர் 30 முதல் இது நடைமுறைக்கு வந்தது. இதை நிறைவேற்ற எளிய வழியாகக் காந்தப்பட்டை நிலைபெற்றது. தாழ்ப்பாள் மெல்ல மறைந்தது.

ஆனால் சட்டம் புதிய பெட்டிகளுக்கு மட்டுமே. ஏற்கனவே விற்ற பெட்டிகள் இருபது, முப்பது ஆண்டுகள் உழைக்கக்கூடியவை. அவை ஒவ்வொன்றாகக் குப்பைக்கு வரும்வரை மரணங்களும் தொடர்ந்தன.

வாயுவின் கதை

கதவைப் போலவே உள்ளே ஓடும் வாயுவுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆரம்ப கால ஃபிரிட்ஜ்களில் அமோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு, மீத்தைல் குளோரைடு போன்ற நச்சு வாயுக்கள் இருந்தன. கசிந்தால் வீட்டில் இருப்பவர்களுக்கே ஆபத்து. 1928-ல் தாமஸ் மிட்ஜ்லியும் அவரது குழுவினரும் எரியாத, நச்சில்லாத ஃபிரியானைக் கண்டுபிடித்தனர். எல்லோரும் நிம்மதி அடைந்தனர். ஆனால் அந்த வகை வாயு ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974-ல் மொலினாவும் ரோலண்டும் எச்சரித்தனர். 1987-ல் மாண்ட்ரியல் உடன்பாடு வந்தது. இந்தியா 1992-ல் அதில் சேர்ந்தது. இன்று பல ஃபிரிட்ஜ்களில் ஐசோபியூட்டேன் இருக்கிறது. ஓசோனுக்குக் கேடில்லை, ஆனால் தீப்பற்றும். ஃப்ரீசரில் உறைந்த ஐஸைக் கத்தியால் குத்தி எடுக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். குழாயில் ஓட்டை விழுந்தால் வாயு வெளியேறிவிடும்.

இன்றைக்கு என்ன?

நம் ஊரில் பழைய ஃபிரிட்ஜ் பெரும்பாலும் காயலான் கடைக்குப் போகிறது. அங்கே செம்புக்குழாயை வெட்டினால் வாயு முழுவதும் காற்றில் கலந்துவிடும். 2012 மே முதல் இந்தியாவின் மின்னணுக் கழிவு விதிகளில் ஃபிரிட்ஜும் அடங்கும். அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுப்பதே முறை.

காந்தக் கதவு வந்துவிட்டதே என்று அலட்சியமாகவும் இருக்கக் கூடாது. பூட்டு வைத்த ஃபிரிட்ஜ்கள் இன்னும் உண்டு. மேலே மூடி உள்ள கடை ஃப்ரீசர்களும் உண்டு. எதுவானாலும் ஓரங்கட்டும் அன்றே கதவைக் கழற்றிவிட வேண்டும். கொடுக்கும்வரை வீட்டில்தான் இருக்கப்போகிறது என்றால் உள்தட்டுகளை அப்படியே விட்டு, கதவைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கலாம். ஒரு திருப்புளியும் பத்து நிமிடமும் போதும். அந்தப் பத்து நிமிடத்தை யாரோ ஒருவர் ஒதுக்காமல் போனதால்தான் ஒரு நாடு சட்டமே போட வேண்டியிருந்தது.